மாற்ற மாற்றக் கெட்டுப்போகும் பிளக்: வாசகர் கேள்வி - பதில்

பிக்கப் வண்டிகளின் ஸ்பார்க் பிளக், அதாவது இன்ஜினில் பொறி விழவைக்கும் பிளக் பற்றி வந்த கடிதங்களில் ஆறை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். ஊர் வேறு, வண்டி வேறு. குறை மட்டும் ஏறக்குறைய ஒன்று: புது பிளக் போட்டும் பலன் இல்லை. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில் சாதாரண நிக்கல் பிளக் இருபதாயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். அதற்குள் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் அதைக் கெடுக்கிற ஏதோ ஒன்று இன்ஜினில் இருக்கிறது. அது என்ன என்பதைக் கழற்றிய பிளக்கே பெரும்பாலும் காட்டிவிடும். ஆகவே முதலில் ஒரு வேண்டுகோள்: பழைய பிளக்கைக் குப்பையில் போடாதீர்கள். எந்த சிலிண்டரில் இருந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.

கேள்வி: தோட்ட வேலைக்கு 1994 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கிறோம். 22 ஆர் பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர் வகை. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் கறுத்து வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. மற்ற மூன்றும் வெளிர் பழுப்பாக நன்றாக இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், கேபிள் செட் எல்லாம் புதிது. ஒருவர் கார்புரேட்டரைப் பிரிக்கலாம் என்கிறார். இன்னொருவர் 'சூடான' பிளக் போட்டால் சரியாகும் என்கிறார். எதைச் செய்வது?
*- வாசகர், சலாலா, ஓமான்*

பதில்: கார்புரேட்டரை இப்போது பிரிக்க வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் கலவை அனுப்புவது அது ஒன்றுதான். அதில் பெட்ரோல் கூடுதலாக இறங்கினால் நான்கு பிளக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கறுக்கும். ஒன்று மட்டும் கறுக்கிறது என்றால் கோளாறு அந்த சிலிண்டருக்கு உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் அதற்குப் போகும் கரண்ட் பாதையில் இருக்கிறது. வேறு இடத்தில் தேடுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

அந்தக் கறுப்பு எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. விரலால் தொட்டுப் பாருங்கள். விளக்குக் கரிபோல உலர்ந்து, தேய்த்ததும் உதிர்ந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை: பொறி பலவீனமாக இருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறைந்திருக்கலாம். வழவழப்பாக இருந்து, துணியால் துடைத்தாலும் பிசுக்கு விடாமல் ஒட்டினால் அது இன்ஜின் ஆயில். பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்து, வெளியில் வைத்ததும் காய்ந்துவிட்டால் அந்த சிலிண்டரில் பொறியே விழவில்லை என்று பொருள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கரி ஏறினால் பிளக் ஏன் சாகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கரி மின்சாரத்தைக் கடத்தும். நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கின் மேல் அது படிந்ததும், காயில் அனுப்பும் கரண்ட் முனைகளுக்கு இடையே தாவாமல் கரியின் மேலாகவே ஊர்ந்து பிளக்கின் இரும்பு உடலுக்கு இறங்கிவிடுகிறது. பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படியும் கரி தானாக எரிந்துவிடும். ஆயில் தொடர்ந்து வந்து விழுந்தாலோ, அந்த சிலிண்டர் சரியாக எரியாமல் குளிர்ந்தே கிடந்தாலோ அந்தச் சூடு வராது. கறுத்த பிளக்கைத் துடைத்துப் போட்டால் சில நாள் மட்டும் ஓடுவதன் காரணம் இதுதான்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். 3-ஆம் பிளக்கையும் 2-ஆம் பிளக்கையும் இடம் மாற்றி, முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கறுப்பு பிளக்கோடு 2-க்குப் போய்விட்டால் அந்த பிளக்கே கோளாறு. 3-லேயே நின்றால் அடுத்து கேபிளை இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. கேபிள் 'புதிது' என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மல்டிமீட்டரால் இரு முனையும் தொட்டு அளந்தால் ஒரு கேபிள் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டக் கூடாது என்பது டொயோட்டா வைத்திருக்கும் எல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். 3-ஆம் முனையில் பச்சைப் பூப்பு, அல்லது முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் இழுத்தாற்போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மூடியை மாற்ற வேண்டியதுதான். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும். இரவில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, கேபிள்கள் மேல் தண்ணீரை லேசாகத் தெளித்தால் கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும். கை வைக்காதீர்கள்.

கடையில் கொடுத்த பிளக்கின் நீளத்தையும் மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு என்.ஜி.கே.யில் பி.பி.ஆர்.5.இ.ஒய்., டென்சோவில் டபிள்யூ.16.இ.எக்ஸ்.ஆர்.-யூ. பொருந்தும், இடைவெளி 0.8 மில்லிமீட்டர். மரை உள்ள பகுதி 19 மில்லிமீட்டர். ஹெட்டில் அதே மரையில் ஏறிவிடும் குட்டைப் பிளக்குகளும் உண்டு. அதைப் போட்டால் முனை எரிகிற இடத்துக்கு வராமல் துளைக்குள் ஒளிந்து நின்று சீக்கிரமே கரி ஏறும். ஹெட்டின் மிச்ச மரையிலும் கரி இறுகி, அடுத்து சரியான பிளக்கை ஏற்றும்போது மரை பிய்யும்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைப் பிரித்துவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சிலிண்டருக்கு நான்கைந்து அழுத்தம் போதும். பேட்டரி முழு சார்ஜில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் கடைசியில் அளக்கிற சிலிண்டர் பாவம் குறைவாகவே காட்டும். 22 ஆர் இன்ஜினுக்குப் புதிதில் 171 பி.எஸ்.ஐ.; குறைந்தது 142 இருக்க வேண்டும்; சிலிண்டர்களுக்கு இடையே 14-க்கு மேல் வித்தியாசம் கூடாது. 3-ல் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கெட்.

வால்வு என்றால் உடனே ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். இந்த இன்ஜினுக்கு டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, கையால்தான் வைக்க வேண்டும். பல ஆண்டு கவனிக்காமல் விட்டால் வால்வு இருக்கை தேய்ந்து, இடைவெளி குறைந்து, வால்வு முழுசாக மூடாமல் நிற்கும். கம்ப்ரஷன் அதிலேயே போய்விடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். ஒன்றாம் சிலிண்டரை அழுத்தத்தின் உச்சத்தில் நிறுத்தி இன்டேக் 1, 2; எக்ஸாஸ்ட் 1, 3 ஆகியவற்றை வையுங்கள். பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி இன்டேக் 3, 4; எக்ஸாஸ்ட் 2, 4. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) லேசாக இழுபட்டு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பின் இன்னொரு முறை நுழைத்துப் பாருங்கள். இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழன்று அளவு மாறுவது வழக்கம். டேப்பெட் வைத்த பின்னும் கம்ப்ரஷன் ஏறாவிட்டால் வால்வு எரிந்திருக்கிறது.

கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக இருந்து பிளக் மட்டும் ஆயில் பிசுக்காக வந்தால், ஆயில் மேலிருந்து, வால்வு சீல் அல்லது கைடு வழியாக இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்குகிறதா? நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகைகிறதா? இரண்டும் சீலைத்தான் காட்டும். லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது விடாமல் புகைந்தால் அது ரிங்.

சீல் மாற்ற முடிவு செய்தால் இந்த இன்ஜினில் ஒரு சிக்கல் உண்டு. பல இன்ஜின்களில் பிளக் துளை வழியாகக் காற்று அடைத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றிவிடலாம். 22 ஆர் அப்படி இல்லை. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் தண்டைப் பிடித்திருப்பதே ஹெட் போல்ட்டுகள்தான். ராக்கரைத் தூக்க அவற்றைத் தளர்த்தினாலே கேஸ்கெட்டின் பிடி விட்டுப்போகும். திரும்ப இறுக்கினால் சில நாளில் தண்ணீர் கசியும். ஆகவே ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட், எட்டு சீல், கைடு ஆட்டம், வால்வு இருக்கை எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிடுவதே சரி. ஹெட் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் ஹெட் அசையாவிட்டால் நெம்பாதீர்கள். முன்பக்கம், கேம் பல்சக்கரத்துக்கு முன்னால், தேங்கிய ஆயிலுக்கு அடியில் ஒரு சிறிய போல்ட் ஒளிந்திருக்கிறது. அது ஹெட்டை டைமிங் கவரோடு பிடித்திருக்கும். அதை மறந்து நெம்பி டைமிங் கவரை உடைப்பது இந்த இன்ஜினில் அடிக்கடி நடக்கிற விபரீதம்.

கடைசியாக அந்தச் 'சூடான' பிளக். மூக்கு நீண்ட பிளக் சூட்டைத் தேக்கி வைத்துக் கரியை எரிக்கும் என்பது உண்மை. ஆயில் ஏறும் பழைய இன்ஜினில், ஹெட் வேலைக்குப் பணம் சேரும்வரை அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் போட்டு ஓட்டலாம். ஆனால் லோடோடு மலை ஏறும் வண்டிக்கு இரண்டு படி தாண்டினால் முனை 800 டிகிரிக்கு மேல் போய், பொறி விழும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஓட்டையாகும். வாங்கும்போது எண்ணில் ஏமாறாதீர்கள்: என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் குறையக் குறைய பிளக் சூடானது. பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடக் கூடத்தான் சூடு. என்.ஜி.கே. 5-க்கு இணை டென்சோவில் 16, பாஷில் 8. 'ஒரு நம்பர் குறைத்துக் கொடு' என்று கேட்டு பாஷ் வாங்கினால் நேர் எதிரானது கைக்கு வரும்.

கேள்வி: என் சி.என்.ஜி. மினி டிரக்கில் பிளக் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பெட்ரோலில் மாற்றினால் ஓரளவு ஓடுகிறது. கேஸில், லோடோடு பாலம் ஏறும்போது திணறுகிறது. பிளக்கின் முனை சுத்தமாகவே இருக்கிறது. மேலே உள்ள வெள்ளைப் பீங்கானில் மட்டும் நெடுக்காகக் கறுப்புக் கோடுகள். புது பிளக் போட்டாலும் ஒரு மாதத்தில் அதே கோடு.
*- வாசகர், திருப்பூர்*

பதில்: அந்தக் கோட்டைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது. கரண்ட் முனையில் தாவாமல், பீங்கானின் வெளிப்புறமாகவே இறங்கி இரும்பு உடலைத் தொட்டிருக்கிறது. கேஸ் கலவையில் பொறி தாவ பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தேவை இன்னும் ஏறுகிறது. அந்த நேரத்தில் கரண்டுக்கு எந்தப் பாதை எளிதோ அதில் போய்விடும். அதனால்தான் தட்டையான சாலையில் தெரியாத கோளாறு பாலத்தில் தெரிகிறது.

புது பிளக்கிலும் அதே கோடு வருவதற்குக் காரணம், காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வும் ரப்பர் பூட். பழைய பிளக்கில் கரண்ட் ஓடிய தடம் ரப்பரின் உள்பக்கத்திலும் எரிந்து பதிந்திருக்கும். அது நிற்கும்வரை எத்தனை பிளக் போட்டாலும் அதே தடத்தில்தான் ஓடும். பிளக்கோடு நான்கு பூட்டையும் மாற்றுங்கள். பூட் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால், கோடு விழுந்த சிலிண்டரின் காயிலை மாற்ற வேண்டும். புது பூட்டின் வாய்க்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸை ஒரு மெல்லிய வளையமாகத் தடவுங்கள். பீங்கானை வியர்வைக் கையால் தொடாதீர்கள். பிளக் குழியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் அதைத் துடைத்து, டேப்பெட் கவர் கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள்.

இடைவெளியை அளந்து பாருங்கள். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும். அகன்றால் வேண்டிய வோல்டேஜும் ஏறும். பெட்ரோலில் 1.1 மில்லிமீட்டரில் நன்றாக ஓடும் இன்ஜின் கேஸில் 0.8-ல்தான் சீராக ஓடும் என்பது பல இடங்களில் காண்பது. ஆனால் உங்கள் வண்டி கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வந்தது என்றால் மேனுவலில் உள்ள அளவே இறுதி. அதைவிட அகலமாக ஒருநாளும் வைக்காதீர்கள். வெளியே கிட் போட்ட வண்டி என்றால் 0.7 முதல் 0.8 வரை வைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தவறாக எண்ண வேண்டாம். இரும்பு உடலுக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் அது கோளாறு இல்லை. அதிக வோல்டேஜ் காற்றிலுள்ள ஆயில் துகளை இழுத்துப் படிய வைப்பதால் வரும் கறை அது. அதைப் பார்த்து 'கேஸ் லீக்' என்று நல்ல பிளக்கைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர்.

டேப்பெட் இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேஸில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை வேகமாகத் தேயும். அதிலும் மிஸ்ஸிங் வரும், பழி பிளக் மேல் விழும்.

கேள்வி: இங்கே 2006 மாடல் ஃபோர்டு எஃப்-150 ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். 5.4 லிட்டர், மூன்று வால்வு இன்ஜின். ஒரு லட்சம் மைல் நெருங்கிவிட்டது, பிளக் இன்னும் மாற்றவில்லை என்கிறார் விற்பவர். கழற்றினால் பிளக் உடையும் என்கிறார்களே, உண்மையா? வாங்கலாமா?
*- வாசகர், ஹூஸ்டன், அமெரிக்கா*

பதில்: உண்மை. 2004 முதல் 2008 வரை வந்த இந்த மூன்று வால்வு இன்ஜினின் பிளக் இரண்டு துண்டாகச் செய்து இணைத்தது. மரைக்குக் கீழே ஒரு நீண்ட மெல்லிய உறை இருக்கும். ஹெட்டின் துளைக்கும் அந்த உறைக்கும் நடுவே கரி இறுகிப் பிடித்துக்கொள்ளும். திருகும்போது மேல்பாதி சுழலும், கீழ்ப்பாதி நிற்கும், இணைப்பு விட்டுப்போய் உறை ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு லட்சம் மைல் தொடாமல் விட்ட வண்டியில் இதற்கு வாய்ப்பு அதிகம். எட்டு பிளக்கையும் ஒரு தேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்ற ஆகும் செலவை, இரண்டு மூன்று உடையும் என்ற கணக்கோடு கேட்டு எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். அந்தப் பேரத்துக்கு ஒப்பாவிட்டால் வேறு வண்டி பாருங்கள். ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று யாராவது சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

ஃபோர்டே 2008-ல் இதற்கென ஒரு செய்முறைக் குறிப்பு வெளியிட்டது. சாரம் இது. இன்ஜின் முழுக்க ஆறி அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். காயில்களை எடுத்து, குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பிளக்கையும் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்துங்கள். குழிக்குள் கார்புரேட்டர் கிளீனர் கால் முதல் அரை டீஸ்பூன் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் திரவம் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பூட்டிக்கொள்ளும். குறைந்தது பதினைந்து நிமிடம் தொடாமல் ஊறவிடுங்கள். அதன்பிறகு அரைச் சுற்று முன்னும் பின்னுமாக, நிதானமாக. கிறீச்சென்று சத்தம் வரும், இறுக்கமாக இருக்கும். 33 அடி-பவுண்டு அளவுக்குப் பிடிப்பது எதிர்பார்க்கத்தக்கதே. அதைவிட இறுகினால் நிறுத்தி, மறுபடி இறுக்கி, மறுபடி ஊறவிட்டுத் தொடருங்கள். ஏர் கன் கூடவே கூடாது.

உடைந்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளே தங்கும் உறையைக் கவ்வி எடுப்பதற்கென்றே லைல் நிறுவனத்தின் 65600 என்ற கருவி அங்கே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. முதலில் பீங்கான் துண்டு முழுவதும் மேல்பாதியோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். உள்ளே உதிர்ந்திருந்தால் வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுத்த பிறகே கருவியை இறக்க வேண்டும்.

புதிதாகப் போடும்போது ஒரே துண்டாகச் செய்த பிளக்கை வாங்குங்கள். வெளி நிறுவனங்கள் செய்கின்றன. நிக்கல் ஆன்ட்டி-சீஸைக் கீழ் உறையைச் சுற்றி மட்டும் மெல்லிதாகத் தடவுங்கள். மரையிலும் முனையிலும் படக் கூடாது. அடுத்த முறை ஒரு லட்சம் மைல் காத்திருக்காமல் அறுபதாயிரத்திலேயே மாற்றுங்கள்.

ஃபோர்டின் இதே ட்ரைட்டன் வரிசையின் இரண்டு வால்வு இன்ஜினோடு, அதாவது 1997 முதல் வந்ததோடு, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கோளாறு வேறு: ஹெட்டில் நான்கைந்து மரைகளே பிடிப்பதால் ஓட்டத்திலேயே பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்துவிடும். அதற்கு எஃகு மரைக்குழல் பதித்துச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பழைய பெட்ரோல் பிக்கப். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஏதாவது ஒரு பிளக்கின் உள்மூக்குப் பீங்கான் கீறியோ உடைந்தோ இருக்கிறது. பிளக்கின் தரம் சரியில்லையா?
*- வாசகர், ஈப்போ, மலேசியா*

பதில்: இடைவெளியை எப்படி வைக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நடுமுனையில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்பினால் பீங்கான் அப்போதே மயிரிழை கீறிவிடும். இரண்டு வாரம் கழித்து உடையும். வளைக்க வேண்டியது பக்கமுனையை மட்டும்.

அது இல்லை என்றால் இன்ஜினில் நாக்கிங், அதாவது கலவை முறைதப்பி வெடித்து எரிவது. மேட்டில் மிதிக்கும்போது சிறு உலோகத் தட்டல் கேட்கிறதா? பீங்கான் வெள்ளையாக, கொப்பளம் பூத்து, மேலே மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா? அப்படியானால் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள டிகிரிக்கு டைமிங்கை வையுங்கள். காதால் கேட்டு 'நன்றாக இழுக்கிற' இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்துகிற பழக்கம்தான் இந்தக் கோளாற்றுக்குப் பெரும்பாலும் மூலம். பிறகு இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். உடைந்த துண்டு சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஹைலக்ஸ் டபிள் கெப், '3 எல்' மாடல் டீசல் இன்ஜின். வருடத்துக்கு இரண்டு தரம் ஹீட்டர் பிளக் எரிந்துபோகிறது. நாலையும் ஒன்றாக மாற்றினாலும் இதே கதைதான். என்ன செய்யலாம்?
*- வாசகர், வவுனியா*

பதில்: டீசலில் பொறி விழும் பிளக் கிடையாது, இது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சில விநாடி பழுத்துச் சூடு கொடுப்பது. நீண்ட நேரம் கரண்ட் பாய்ந்தால் எரியத்தான் செய்யும். நாலும் ஒன்றாகப் போகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் படியுங்கள். பழைய டொயோட்டா டீசல்களுக்கு 6 வோல்ட், 11 வோல்ட் என்று வேறு வேறு பிளக்குகள் உண்டு. அளவும் மரையும் ஒத்துப்போவதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். 11 வோல்ட் வேண்டிய இடத்தில் 6 வோல்ட் போட்டால் சில வாரத்தில் எரியும். அடுத்தது ரிலே. இன்ஜின் ஸ்டார்ட்டாகி, நன்றாகச் சூடான பிறகு நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டில் வோல்ட்மீட்டரை வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 12, 13 என்று நின்றால் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. பட்டனால் ஹீட்டர் போடும்படி யாராவது ஒயரிங்கை மாற்றியிருந்தால் அதையும் பழையபடி ஆக்குங்கள். ஆல்டர்னேட்டர் 14.5 வோல்டுக்கு மேல் போகிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

எப்போதும் ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும், முனை உருகியோ வீங்கியோ வந்தால் கரண்ட் காரணமில்லை. அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் தூவாமல் சொட்டுகிறது. அதைப் பம்ப் கடையில் கொடுத்து நாசிலைச் சோதியுங்கள். வீங்கிய பிளக்கை இழுத்து எடுக்கும்போது முனை உள்ளே முறிந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளக்கைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடலாமா? எவ்வளவு இறுக்க வேண்டும்?
*- வாசகர், திண்டுக்கல்*

பதில்: பெட்ரோலில் ஊறவைக்கலாம். ஆனால் பீங்கானைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கம்பியின் உலோகம் பீங்கானில் கோடாக ஒட்டிக்கொண்டு, கரிக்குப் பதில் அதுவே கரண்டைக் கடத்தும். மெல்லிய பித்தளை பிரஷ்ஷால் மரையை மட்டும் துடையுங்கள். மணல் அடிக்கும் மிஷினில் கொடுத்தால், மூக்கைச் சுற்றிய பள்ளத்தில் ஒரு மணல்கூட இல்லாதபடி காற்றடித்து வாங்குங்கள். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளுக்கு மணலும் பிரஷ்ஷும் இரண்டுமே ஆகாது. முனையின் மெல்லிய கம்பி போய்விடும். பெட்ரோலில் சேர்க்கும் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றுகிறவர்களின் பிளக்கில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் படியும். அதுவும் கரண்டைக் கடத்தும், தேய்த்தாலும் போகாது. பிளக்கை மாற்றி, பூஸ்டரை நிறுத்துங்கள்.

இறுக்குவதற்கு முன் சில விநாடி பிளக்கின் தரத்தையும் பாருங்கள். அச்சு மங்கி இருந்தால், பக்கமுனை நடுமுனைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி இருந்தால், மரையில் பிசிறு இருந்தால் அது போலி. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

முதலில் கையாலேயே, ஸ்பானர் இல்லாமல், வாஷர் தொடும்வரை ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். 14 மில்லிமீட்டர் மரை, அலுமினிய ஹெட் என்றால் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் குறைத்துச் சொன்னால் அதன்படி. முதல் கேள்வியில் வந்த 22 ஆர் இன்ஜினுக்கு 18 போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் புது வாஷர் உள்ள பிளக்கை வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்று. ஏற்கெனவே ஒருமுறை அழுந்திய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மரைக்கு கிரீஸோ ஆன்ட்டி-சீஸோ தடவினால் அதே கை அழுத்தத்தில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்; இப்போது வரும் பிளக்குகளின் மரையில் முலாம் பூசியே வருவதால் அது தேவையும் இல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போதே கழற்றுங்கள், ஆறியிருக்கும்போதே மாட்டுங்கள்.